பாவித்த பொருளை ஒன்லைனில் விற்கிறீர்களா? காசு பெறுவதற்கு ஓடிபி தேவையில்லை!

கடந்த காலபோகத்துக்குச் சற்று முன்னர் நடந்த சம்பவம் இது. கிளிநொச்சி, அக்கராயன் பகுதியைச் சேர்ந்த, எனக்கு நன்கு அறிமுகமான விவசாயி ஒருவர் தனது பழைய தண்ணீர்ப் பம்பியை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் போட்டார். விலை 38,000 ரூபாய். பம்பியின் மூன்று படங்களையும் தனது கைத்தொலைபேசி இலக்கத்தையும் அவருடைய மகன் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

அரை மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அண்ணா, பம்பி இன்னும் இருக்கா? நான் கொழும்பில் இருக்கிறேன். ஊரில் அப்பாவுக்கு வாங்குகிறேன். விலை குறைக்க வேண்டாம். காசை இப்போதே போட்டுவிடுகிறேன், நாளைக்குக் குரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்."

இதைவிட நல்ல வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்? சற்று நேரத்தில் ஒரு லிங்க் வந்தது. திறந்து பார்த்தால் அவருடைய பம்பியின் படம், அவர் போட்ட விலை, "உங்கள் பணம் தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ளவும்" என்ற வாசகம், அதன் கீழே ஒரு பச்சை நிறப் பொத்தான். அதை அழுத்தியதும் வங்கி அட்டை இலக்கம் கேட்கப்பட்டது. பிறகு அட்டையின் பின்பக்கத்திலுள்ள மூன்று இலக்கங்கள். பிறகு தொலைபேசிக்கு வந்த ஓடிபி. "முதல் முறை சரிவரவில்லை, இன்னொரு தடவை வரும் இலக்கத்தையும் போடுங்கள் அண்ணா" என்றார் அந்த வாடிக்கையாளர். அதையும் போட்டார்.

இரண்டு தடவையில் 64,000 ரூபாய் அவருடைய கணக்கிலிருந்து போய்விட்டது. அது உரத்துக்கும் உழவுக் கூலிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம். பம்பி எங்கும் போகவில்லை. அது இன்றும் அவருடைய வீட்டுக் கொட்டிலிலேயே கிடக்கிறது.

"பொருளைக் கொடுக்காமல் வைத்திருந்தால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றுதான் நினைச்சனான்" என்று அவர் என்னிடம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாசகம்தான்.

விற்பவரை எப்படி ஏமாற்ற முடியும்?

ஒன்லைன் மோசடி என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது வாங்குபவர் ஏமாறுவதுதான். கைத்தொலைபேசிக்குக் காசு போட்டவருக்கு சவர்க்காரக் கட்டி வந்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். எனவே வாங்கும்போது நூறு தடவை யோசிக்கிறோம். விற்கும்போது, காசு வருவது நமக்குத்தானே என்ற நினைப்பில் கவனத்தைத் தளர்த்திவிடுகிறோம். மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

இலங்கையில் இக்மன் தளம் 2012 ஆம் ஆண்டில் ஆரம்பமானது. 'இக்மன்' என்ற சிங்களச் சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள். இதனுடன் முகநூல் சந்தையும் ஊர் ஊராக இயங்கும் வட்ஸ்அப் குழுக்களும் சேர்ந்துகொண்டன. முன்பு ஒரு பழைய மோட்டார் சைக்கிளை விற்க வேண்டுமானால் தரகரைத் தேட வேண்டும், அல்லது கடைச் சந்தியில் சொல்லி வைக்க வேண்டும். இன்று அக்கராயனில் இருந்துகொண்டே வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உள்ளவர்களுக்கு விற்க முடிகிறது. இது நல்ல விடயமே. ஆனால் வாங்குபவர் தூரத்தில் இருப்பதால் முகம் தெரியாது, ஊர் தெரியாது. எல்லாம் தொலைபேசியிலேயே முடிகிறது.

வன்னியில் இதன் பாதிப்பு அதிகம். 2009 இல் போர் முடிந்து மீளக் குடியேறியவர்கள் வெறுங்கையுடன் வந்தவர்கள். ஒரு பம்பி, ஒரு லான்ட்மாஸ்டர், ஒரு மோட்டார் சைக்கிள் என்று கடன்பட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்தவைதான் அவர்களுடைய சொத்து. 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டும் வடக்கில் கால் ஊன்ற முயலும் எமது மக்களின் நிலையும் இதுவே. இப்படிப்பட்டவர்கள் ஒரு பொருளை விற்கிறார்கள் என்றால், ஏதோ ஓர் அவசரத் தேவை இருக்கிறது என்று அர்த்தம். அந்த அவசரத்தை மோசடிக்காரன் நன்றாக அறிவான்.

காசு வருவதற்கு என்ன தேவை?

இந்த ஒரு விடயத்தை மட்டும் விளங்கிக்கொண்டால் பாதி மோசடிகளிலிருந்து தப்பிவிடலாம். ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் அவருக்குத் தேவைப்படுவது நான்கே விபரங்கள்: உங்கள் பெயர், வங்கியின் பெயர், கிளை, கணக்கு இலக்கம். அவ்வளவுதான்.

அட்டை இலக்கம் தேவையில்லை. அட்டையின் பின்னாலுள்ள மூன்று இலக்கங்கள் தேவையில்லை. ஒன்லைன் வங்கிச் சேவையின் கடவுச்சொல் தேவையில்லை. ஓடிபி அறவே தேவையில்லை.

ஓடிபி என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம். கையொப்பமிட்ட காசோலைக்குச் சமமானது. பணம் உள்ளே வருவதற்கு எந்த வங்கியும் உங்களிடம் சம்மதம் கேட்பதில்லை. ஆகவே "காசு பெற ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால், அவர் யாராக இருந்தாலும், உங்கள் காசை எடுக்கப் போகிறார் என்பதே அதன் பொருள்.

ஓடிபி வரும் குறுஞ்செய்தியிலேயே பெரும்பாலும் எவ்வளவு தொகை, எந்த நிறுவனத்துக்கு என்பதும் எழுதப்பட்டிருக்கும். அது ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மில் பலர் இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை வாசிப்பதில்லை. வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் நல்ல வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார்.

மேலே சொன்ன லிங்க் மோசடி எமது நாட்டில் மட்டும் நடப்பதல்ல. இணையப் பாதுகாப்பு நிறுவனமான குரூப்-ஐபி இதற்கு 'கிளாசிஸ்காம்' என்று பெயரிட்டுள்ளது. 2019 இல் ரஷ்யாவில் கண்டறியப்பட்ட இந்த முறை, 2023 இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி 79 நாடுகளுக்குப் பரவியிருந்தது. டெலிகிராமில் இயங்கும் தானியங்கிச் செயலி ஒன்றில் உங்கள் விளம்பரத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். உங்கள் பொருளின் படத்துடனும் விலையுடனும் போலிப் பக்கம் ஒன்று நொடியில் தயாராகிவிடும். எனவே "என்னுடைய படமே அதில் இருந்ததே" என்பது நம்புவதற்குரிய காரணம் அல்ல. நீங்கள் உலகத்துக்கே காட்டிய படம் அது.

இந்தியாவில் இதே தந்திரம் க்யூஆர் குறியீடு வழியாக நடக்கிறது. தன்னை இராணுவ வீரர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒருவர், பழைய தளபாடத்தை வாங்குவதாகச் சொல்லி, "இதை ஸ்கேன் செய்து இரகசிய இலக்கத்தைப் போடுங்கள், காசு வந்துவிடும்" என்பார். போட்டவுடன் காசு போய்விடும். அங்கே யூபிஐ முறையில் பணம் அனுப்புவதற்குத்தான் இரகசிய இலக்கம் தேவை, பெறுவதற்கு அல்ல. எமது நாட்டின் லங்கா க்யூஆர் முறையிலும் ஸ்கேன் செய்பவர்தான் பணம் செலுத்துபவர். இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு வகை இருக்கிறது. "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க ஒரு இலக்கம் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த ஆறு இலக்கங்கள் பெரும்பாலும் உங்கள் வட்ஸ்அப்பை வேறொரு தொலைபேசியில் திறப்பதற்கானவை. சொல்லிவிட்டால் உங்கள் வட்ஸ்அப் அவர் கையில். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மச்சானுக்கும் மாமிக்கும் "அவசரமாக 25,000 ரூபாய் போடுங்கள்" என்று செய்தி போகும். வட்ஸ்அப்பில் இரண்டு கட்ட உறுதிப்படுத்தல் என்ற வசதியை இன்றே இயக்கிவிடுங்கள்.

சிலிப் என்பது காசு அல்ல

இரண்டாவது பெரிய மோசடி, காசு போட்டதாகக் காட்டுவது. வங்கிச் செயலியின் திரைப்படம் ஒன்றை அனுப்புவார்கள். அதில் உங்கள் பெயர், தொகை, திகதி எல்லாம் இருக்கும். அதைத் தொலைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் தயாரிக்கலாம். வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியையும் அனுப்பலாம்.

"சனிக்கிழமை என்பதால் சிஸ்டம் தாமதம், திங்கட்கிழமை விழும், பொருளை இப்போது ஏற்றிவிடுங்கள்" என்பது வழமையான பேச்சு. இலங்கையில் 2015 முதல் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் செஃப்ட்ஸ் முறை நடைமுறையில் உள்ளது. ஒன்லைனில் அனுப்பும் பணம் பெரும்பாலும் நிமிடங்களில் வந்துவிடும், விடுமுறை நாளிலும் வரும். ஒருவேளை உண்மையாகவே தாமதமானாலும் பொருளும் தாமதமாகவே போகட்டும். அதில் யாருக்கும் நட்டமில்லை.

காசோலையில் இன்னும் கவனம் தேவை. காசோலையை உங்கள் கணக்கில் வைப்புச் செய்துவிட்டு சிலிப்பைக் காட்டுவார்கள். சிலிப் உண்மையானது, வங்கி முத்திரையும் இருக்கும். ஆனால் அந்தக் காசோலை தீர்வாகும் வரை அது பணம் அல்ல. மறுநாள் திரும்பி வந்தால் உங்கள் கையில் காகிதம்தான் மிஞ்சும்.

ஆகவே விதி எளிமையானது. அவர் அனுப்பிய படத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் செயலியைத் திறந்து, அல்லது ஏடிஎம் இயந்திரத்துக்குப் போய், அல்லது வங்கிக்கு அழைத்து, எடுக்கக்கூடிய மீதியைப் பாருங்கள்.

கூடுதலாக வந்த பணம்

"அண்ணா, 38,000 போடுவதற்குப் பதிலாக 83,000 போட்டுவிட்டேன். மீதி 45,000 ஐ இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒருவர் பதறுவார். சிலிப் போலியாக இருந்தால் நீங்கள் அனுப்புவது உங்கள் சொந்தப் பணம்.

பணம் உண்மையாகவே வந்திருந்தால்? அப்போதும் அவசரப்பட வேண்டாம். இதில் மூன்றாவது ஆள் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கலாம். மோசடிக்காரன் இல்லாத பொருள் ஒன்றை விற்பதாக வேறொருவருக்குச் சொல்லியிருப்பான். காசு போட வேண்டிய கணக்கு என்று உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுத்திருப்பான். அந்த அப்பாவி உங்கள் கணக்கில் பணம் போடுவார். நீங்கள் பொருளை மோசடிக்காரனிடம் கொடுப்பீர்கள், அல்லது "மீதியை" அவனுக்கு அனுப்புவீர்கள். பிறகு ஏமாந்தவர் பொலிஸுக்குப் போகும்போது முறைப்பாட்டில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் கணக்கும்தான். கணக்கு முடக்கப்படலாம். நீங்கள் குற்றமற்றவர் என்பதை நீங்களே அலைந்து திரிந்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

எனவே பணம் வந்தால் யாருடைய பெயரில் வந்தது என்று பாருங்கள். பேசியவர் ஒருவர், காசு போட்டவர் வேறொருவர் என்றால், காசு போட்டவருடன் நேரடியாகப் பேசாமல் பொருளைக் கொடுக்க வேண்டாம். கூடுதலாக வந்த தொகையை நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் அறிவித்து, வந்த கணக்குக்கே திரும்பச் செய்யுங்கள்.

நேரில் சந்திப்பதே சிறந்தது

பாவித்த பொருளை நேரில் பார்த்து, கையில் காசு வாங்கி விற்பதே இன்றைக்கும் பாதுகாப்பான முறை. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத வீதியோ, இருட்டிய பிறகு வீட்டு வாசலோ அதற்கு ஏற்ற இடம் அல்ல. அக்கராயன் போன்ற இடத்தில் இருப்பவர்கள் கையில் தூக்கக்கூடிய பொருளாக இருந்தால், வாங்குபவரைப் பகல் நேரத்தில் கிளிநொச்சி நகருக்கு வரச்சொல்லுங்கள். ஏ9 வீதியோரமாக வங்கிகள் இருக்கின்றன. வங்கிக்குள்ளேயே காசை எண்ணி வைப்பிலிட்டால் கள்ளநோட்டுப் பயமும் இல்லை. பெரிய பொருளானால் வீட்டில் இரண்டு மூன்று பேர் இருக்கும் நேரத்தில் மட்டும் வரச்சொல்லுங்கள்.

5,000 ரூபாய்த் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளில் அச்சிடப்பட்டிருக்கும் பறவையின் உருவம் நீரடையாளமாகவும் தெரிய வேண்டும்.

மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்க்கக் கேட்பது நியாயம்தான். ஆனால் முழு விலையையும் உங்கள் கையில் தந்துவிட்டு ஓடட்டும், அல்லது நீங்கள் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள். அவர் விட்டுச் செல்லும் பழைய பைக்கும் அடையாள அட்டையும் அவருடையவையா என்பது உங்களுக்குத் தெரியாது.

பொருள் போன பின்னும் பெயர் மிஞ்சும்

வாகனம் விற்பவர்கள் அதிகம் தவறும் இடம் 'ஓபன் பேப்பர்'. வெறும் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டு, வாங்குபவர் பெயரை மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவர் மாற்றாவிட்டால் அந்த வாகனம் விபத்தில் சிக்கினாலும், கள்ள மணல் ஏற்றினாலும், கஞ்சா கடத்தப் பயன்பட்டாலும் பொலிஸார் முதலில் தேடி வருவது பதிவுப் பெயரில் உள்ளவரைத்தான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 ஆகிய படிவங்களை வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, திகதி ஆகியவற்றுடன் முழுமையாக நிரப்பிய பின்னரே கையொப்பமிடுங்கள். விற்றதை நீங்களும் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். எல்லாவற்றினதும் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்த நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது.

கைத்தொலைபேசி விற்பவர்கள் படங்களை அழித்தால் மட்டும் போதாது. கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, வங்கிச் செயலிகளை அகற்றி, முழுமையாக ரீசெட் செய்து, சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டே கொடுங்கள். எமது வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கையில் போவது 38,000 ரூபாயைவிடப் பெரிய இழப்பு.

அதேபோல் "நம்பிக்கைக்காக அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்றால் அனுப்பாதீர்கள். அடுத்த ஆளை ஏமாற்றும்போது "இதோ என் அடையாள அட்டை" என்று அவன் காட்டப்போவது உங்களுடையதாக இருக்கலாம்.

எப்படி இனங்காண்பது?

நம்மவர்களில் பேரம் பேசாமல் பழைய பொருள் வாங்குபவர் எத்தனை பேர்? பம்பிக்கு எத்தனை குதிரைவலு என்று கேட்காமல், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல், சொன்ன விலைக்கே சம்மதிப்பவரை முதலில் சந்தேகியுங்கள். தளத்துக்குள் பேசாமல் உடனே வட்ஸ்அப்புக்கு இழுப்பவர், அழைப்பை எடுக்காமல் செய்தி மட்டும் அனுப்புபவர், "இன்னும் பத்துப் பேர் பார்க்கிறார்கள், உடனே செய்யுங்கள்" என்று விரட்டுபவர், குரியர் கட்டணத்தையோ காப்புறுதிக் கட்டணத்தையோ முதலில் உங்களிடம் கேட்பவர் ஆகியோரிடம் விலகி நில்லுங்கள். விற்பவர் காசு கட்டும் வியாபாரம் எங்கும் இல்லை.

ஏமாந்துவிட்டால்?

முதல் வேலை வங்கிக்கு அழைப்பது. அட்டையின் பின்பக்கத்தில் இலக்கம் உண்டு, இரவிலும் எடுப்பார்கள். அட்டையையும் ஒன்லைன் சேவையையும் நிறுத்தச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. பணம் வேறு கணக்குக்கு மாறி எடுக்கப்படுவதற்கு முன்னர் தடுக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் உரையாடலை அழித்து இலக்கத்தை பிளொக் செய்துவிடுகிறோம். அதுதான் உங்கள் சாட்சி. இலக்கம், லிங்க், குறுஞ்செய்திகள், நேரம் எல்லாவற்றையும் படமாக எடுத்து இன்னொரு தொலைபேசியிலும் வையுங்கள்.

மூன்றாவது, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் அறிவிக்கலாம். இலங்கை செர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கிறது. வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகவும் வழி உண்டு.

நான்காவது, "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், முதலில் 5,000 ரூபாய் கட்டுங்கள்" என்று முகநூலில் வருபவர்களை நம்பாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தவரின் இலக்கம் அடுத்த மோசடிக்காரனுக்கும் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. அந்த அக்கராயன் விவசாயி, சம்பவம் நடந்து ஒன்பது நாட்கள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. "படிக்காதவன் என்று சிரிப்பாங்கள்" என்ற பயம். படித்தவர்களும் பணியில் இருப்பவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியவர் ஏமாந்தவர் அல்ல. அந்த ஒன்பது நாட்களில் அதே ஆள் எத்தனை பேருக்கு அதே லிங்கை அனுப்பினானோ தெரியாது.

ஆகவே இதை வாசித்தவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும், புதிதாக ஸ்மார்ட் தொலைபேசி வாங்கியவர்களுக்கும் ஒரே ஒரு வசனத்தையாவது சொல்லிவையுங்கள்: காசு வருவதற்குக் கணக்கு இலக்கம் போதும், அதற்கு மேல் கேட்டால், வருவதற்கு அல்ல, போவதற்கு.